பாடல் யாருடையது? – கரோல் கிங்கும் அமெரிக்கப் பொப்பிசையின் மாற்றமும் (1958–1971)

ஒரு பாடலை ஆக்கியோன் ஒருவனாகவும் அதனைப் பாடுவோன் வேறொருவனாகவும் இருக்கும் நிலை கலை வரலாற்றிற் புதியதன்று. தமிழ் இலக்கிய மாணவர் பரிபாடலின் கொளுக்களிலே இயற்றிய புலவர் பெயரும், இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் தனித்தனியே குறிக்கப்பட்டிருத்தலை அறிவர். அங்கு பாடியோர் பெயர் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் இசைத்தட்டிலே இந்நிலை தலைகீழாயிற்று. தட்டின் நடுவிலுள்ள வட்டத் தாளிற் பாடகர் பெயர் பெரிய எழுத்திலும், ஆக்கியோர் பெயர் பாடலின் தலைப்பின் கீழ்ச் சிறிய எழுத்திலும் அச்சிடப்பட்டன. கேட்போரிற் பெரும்பாலோர் அச்சிறிய எழுத்துக்களைப் படித்ததில்லை. ஒரு பாடலை அவர்கள் பாடகரின் பாடலென்றே அழைத்தனர்.

இவ்வாறு சிறிய எழுத்தில் மறைந்திருந்தோருள் ஒருவர் பத்தாண்டுக் காலம் பிறருக்குப் பாடல்கள் ஆக்கிய பின்னர், தம் குரலிலே தம் பாடல்களைப் பாடி உலகப் புகழ் பெற்றார். அவரே கரோல் கிங். அவரது வாழ்க்கையை ஆற்றலுக்குக் காலந்தாழ்ந்து கிடைத்த வெற்றி என்ற முறையிற் கூறுவதே பெருவழக்கு. அக்கூற்று பொய்யன்றாயினும் போதியதன்று. 1960 இற் பிறரின் குரலை வேண்டி நின்ற அதே பாடல் 1971 இல் ஆக்கியோரின் குரலை வேண்டி நின்றமைக்கு, இடைப்பட்ட காலத்தில் இசைத் தொழிலின் அமைப்பிலும் கேட்போரின் எதிர்பார்ப்பிலும் நேர்ந்த மாற்றங்களே அடிப்படைக் காரணமாகும். இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இசைத் தொழிலின் அமைப்பு

ஐக்கிய அமெரிக்காவில் வெகுசனப் பாடல் ஒரு பண்டமாக உருப்பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலாகும். நியூயோர்க் நகரின் மேற்கு 28 ஆம் தெருவிலே குழுமியிருந்த இசைப் பதிப்பகங்கள் அச்சிட்ட இசைத்தாள்களை விற்றன. பல பியானோக்கள் ஒருங்கே ஒலித்த அத்தெருவுக்குத் 'தகரத் தட்டுச் சந்து' என்னும் பொருள்படும் 'டின் பான் அலி' என்ற பெயர் வழங்கிற்று. பின்னர் இசைத்தட்டும் வானொலியும் பரவியபோதும், பாடலின் உடைமை பதிப்பகத்திடமே தங்கியிருந்தது.

இதற்குச் சட்டமும் துணைநின்றது. 1909 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், இயந்திர முறையிற் பிரதி செய்யப்படும் ஒவ்வொரு பாடலுக்கும் பிரதியொன்றுக்கு 2 சதம் செலுத்தப்படல் வேண்டும் என விதித்தது. இத்தொகை 1977 இறுதிவரை மாற்றமின்றி நிலவியது. வழக்கமாக இதிற் பாதி பதிப்பகத்துக்கும், மறுபாதி பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரியதாயிற்று. ஆகவே பத்து இலட்சம் தட்டுக்கள் விற்றால் பாடலுக்கு 20,000 டொலர் கிடைக்கும். ஆக்கியோர் இருவராயின் அவர்கள் ஒவ்வொருவருக்கும் 5,000 டொலர் சேரும்.

1948 இல் நீள் இசைத்தட்டும், 1949 இல் நிமிடத்துக்கு 45 தரம் சுழலும் சிறு தட்டும் சந்தைக்கு வந்தன. 1950 களின் நடுப்பகுதியில் 'றொக் அன் றோல்' இசை எழுச்சி பெற்றபோது, கைச்செலவுக்குப் பணம் வைத்திருந்த பதின்வயதினர் சிறு தட்டின் முதன்மையான நுகர்வோராயினர். அவர்களின் சுவை விரைந்து மாறியது. அந்த விரைவுக்கு ஈடுகொடுக்கும் வகையிற் பாடல்களை ஆக்கித்தரும் அமைப்பொன்று தேவைப்பட்டது. 1958 இல் அல் நெவின்ஸ், டொன் கேர்ஷ்னர் ஆகிய இருவரும் தொடங்கிய 'அல்டொன்' இசைப் பதிப்பகம் இத்தேவையினின்றும் தோன்றியதே. பிறோட்வே 1619 ஆம் இலக்கத்திலிருந்த 'பிறில்' கட்டடத்தின் பெயராலேயே அக்காலப் பாடல்கள் இன்று சுட்டப்படுகின்றன. எனினும் அல்டொன் இயங்கியது 1650 ஆம் இலக்கக் கட்டடத்திலாகும். ஒரு பியானோவும் ஓரிரு கதிரைகளும் மட்டுமே கொள்ளக்கூடிய சிற்றறைகளில் இளம் ஆக்குநர் இணை இணையாக அமர்ந்து பாடல் புனைந்தனர். அடுத்த அறையிலிருந்தோர் அமைக்கும் மெட்டுச் சுவரைக் கடந்து கேட்கும். கொஃபினும் கிங்கும் ஓர் இணை. பரி மானும் சிந்தியா வெயிலும் மற்றோர் இணை. நீல் செடாகாவும் ஹவாட் கிறீன்ஃபீல்டும் வேறோர் இணை. நட்பும் போட்டியும் ஒருங்கே நிலவிய தொழிற்கூடம் அது.

2. சிற்றறையிலிருந்து எழுந்த பாடல்

கரோல் ஜோன் கிளைன் 1942 பெப்ரவரி 9 ஆம் நாள் நியூயோர்க் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து புறூக்ளினில் வளர்ந்தவர். தந்தை தீயணைப்பு வீரர், தாய் ஆசிரியை. இளமையிலேயே தாயிடம் பியானோ பயின்றார். கிங் என்ற பெயருடன் 1958 இலும் 1959 இலும் அவர் பாடி வெளியிட்ட சிறு தட்டுக்கள் கவனிக்கப்படவில்லை. நீல் செடாகா 1959 இல் இவர் பெயரை வைத்துப் பாடிய 'ஓ கரோல்' வெற்றிபெற்றது. அதற்கு விடையாக இவர் பாடிய 'ஓ நீல்' தோல்வியடைந்தது. எனவே கிங் முதலிற் பாடலாக்குநராக இருந்து பின்னரே பாடகியாக விரும்பினார் என்று கொள்ளுதல் பிழையாகும். அவர் பாடகியாகவே தொடங்கினார். சந்தை அவரை ஏற்காதபோதே முழுநேர ஆக்குநரானார்.

குவீன்ஸ் கல்லூரியிற் சந்தித்த ஜெரி கொஃபினை அவர் 1959 இல் மணந்தபோது அவருக்கு வயது பதினேழு. 1960 இல் முதற் குழந்தை பிறந்தது. கொஃபின் பகலில் இரசாயன ஆய்வுகூடமொன்றிற் பணிபுரிந்தார். சொற்கள் கொஃபினுடையவை, இசை கிங்குடையது. இத்தொழிற்பிரிவு மனங்கொள்ளத்தக்கது.

அவர்களின் முதற் பெருவெற்றி 'வில் யூ லவ் மீ டுமாறோ' என்னும் பாடலாகும். 'நாளையும் என்மீது அன்பு கொள்வாயா' என்பது தலைப்பின் பொருள். நியூ ஜேர்சியைச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் நால்வரின் குழுவாகிய 'ஷிறெல்ஸ்' 1960 இல் இதனைப் பாடியது. முதன்மைக் குரலுக்குரிய ஷேர்லி ஓவென்ஸ், பாட்டின் முதல் வடிவம் நாட்டுப்புற வெள்ளையரின் இசையை ஒத்திருப்பதாகக் கருதித் தயங்கினார். கிங் தந்தி வாத்தியங்களுக்கான அமைப்பை எழுதிச் சேர்த்த பின்னரே பாடல் இன்றைய உருவைப் பெற்றது. 1961 ஜனவரியில் அது 'பில்போட்' சஞ்சிகையின் பட்டியலில் முதலிடம் பெற்றது. கறுப்பினப் பெண்களின் குழுவொன்று அப்பட்டியலில் முதலிடம் எய்தியது அதுவே முதற்றடவையாகும்.

இப்பாடல் ஒரு பெண்ணின் அச்சத்தைப் பேசுகிறது. இன்றிரவு தன்னை ஒப்புக்கொடுத்தால் நாளை கைவிடப்படுவேனோ என்பதே அதன் வினா. அக்கால அமெரிக்கப் பொப்பிசை காதலின் இன்பத்தையும் பிரிவையும் பாடியதேயன்றி, காதலிற் பெண் ஏற்கும் அபாயத்தை இத்துணை வெளிப்படையாகப் பாடியது அரிது. ஆயினும் அப்பெண்ணின் சொற்களை எழுதியவர் ஓர் ஆண். மெட்டமைத்தவர் பதினெட்டு வயது யூதத் தாய். குரல் கொடுத்தவர் ஒரு கறுப்பின நங்கை. 'உண்மையான குரல்' என்று நாம் கேட்பது மூவரின் உழைப்பு ஒன்றுசேர்ந்து பிறந்ததாகும். இம்முறையின் ஆற்றலும் அதுவே. அதன் ஆபத்தும் அதுவே. அடித்த காதலனை மன்னிக்கும் பெண்ணின் கூற்றாக 1962 இல் இவ்விணையினர் ஆக்கி 'கிறிஸ்ரல்ஸ்' குழு பாடிய பாடலொன்று கடும் எதிர்ப்புக்குள்ளாகி வானொலியினின்றும் ஒதுக்கப்பட்டது. பாடிய பெண்கள் அச்சொற்களைத் தேர்ந்தவரல்லர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

தொடர்ந்து வெற்றிகள் குவிந்தன. பொபி வீ 1961 இற் பாடிய 'டேக் குட் கெயார் ஒஃப் மை பேபி', லிற்றில் ஈவா 1962 இற் பாடிய 'லோகோமோஷன்', ஸ்ரீவ் லோரன்ஸ் பாடி 1963 ஜனவரியில் உச்சம் எய்திய 'கோ அவே லிற்றில் கேர்ள்' ஆகிய மூன்றும் முதலிடம் பெற்றன. 'டிறிஃப்டர்ஸ்' குழுவுக்காக ஆக்கிய 'அப் ஒன் த றூஃப்', நகர நெரிசலினின்றும் விடுபட மாடிக் கூரைக்கு ஏறும் எளியோரின் சிறு நிம்மதியைப் பாடியது. அது தேவைக்கு உற்பத்தி செய்யப்பட்ட பண்டமேயாயினும் நல்ல கவிதையுமாகும். தொழிற்கூட முறையிற் கலை பிறவாது என்னும் எளிய முடிபை இப்பாடல் மறுக்கின்றது.

3. மறைந்துபோன குரல்

பாடலொன்றைப் பாடகருக்கோ தயாரிப்பாளருக்கோ காட்டுவதற்கெனப் பதிவுசெய்யப்படும் மாதிரித் தட்டு 'டெமோ' எனப்பட்டது. கிங்கின் டெமோக்களில் அவரே பியானோ வாசித்தார். பலவற்றில் அவரே பாடினார். பாடகர் பலர் அம்மாதிரியைக் கேட்டே தம் பாணியை வகுத்தனர். 1963 இல் 'ஷிஃபோன்ஸ்' குழு பாடிய 'வன் ஃபைன் டே' தட்டில் முழங்கும் பியானோ கிங்குடையதே. அவர் பெயர் அறியாத கோடிக்கணக்கானோர் அவர் விரல்களை அறிந்திருந்தனர்.

டெமோவுக்கும் தட்டுக்கும் இடையிலிருந்த எல்லை சிலவேளை அழிந்தது. 'லோகோமோஷன்' டெமோவிற் பாடியவர் கிங்கின் குழந்தையைப் பராமரித்த ஈவா போய்ட் என்னும் கறுப்பின இளம்பெண். கேர்ஷ்னர் அவரது குரலையே வெளியிட, அவர் 'லிற்றில் ஈவா' ஆனார். அதே ஆண்டில் பொபி வீக்கென ஆக்கிய 'இற் மைற் அஸ் வெல் றெயின் அண்டில் செப்ரெம்பர்' என்னும் பாடலின் டெமோ கிங்கின் பெயரிலேயே வெளிவந்து, அமெரிக்காவில் 22 ஆம் இடத்தையும் பிரித்தானியாவில் 3 ஆம் இடத்தையும் பெற்றது. ஆயினும் அதனால் அவரது பணி மாறவில்லை. அவ்வமைப்பிற் பாடகரைவிட ஆக்குநரே பதிப்பகத்துக்கு அதிக ஊதியம் ஈட்டித்தந்தார்.

இவ்விடத்தில் ஒட்டிஸ் பிளாக்வெல்லை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. 1931 இல் அதே புறூக்ளினிற் பிறந்த இக்கறுப்பினக் கலைஞரும் பாடகராகத் தொடங்கி ஆக்குநரானவர். 'டோன்ற் பி குறுவெல்', 'ஓல் ஷுக் அப்' என எல்விஸ் பிறெஸ்லியின் புகழுக்கு அடிகோலிய பாடல்கள் அவர் ஆக்கியவை. அவ்விரண்டிலும் இணையாக்குநராகப் பிறெஸ்லியின் பெயரும் பொறிக்கப்பட்டது. வருவாயிற் பங்கு தந்தாலன்றிப் பாடல் பதிவாகாது என்பதே அன்றைய வணிக நியதி. பிளாக்வெல் டெமோவிற் பாடிய முறையையே பிறெஸ்லி பின்பற்றினார் என்பர். இருவரும் ஒருபோதும் சந்தித்ததில்லை. பிளாக்வெல் 2002 இல் மறைந்தபோதும், அவர் பாடல்களை அறிந்தோரிற் சிலரே அவர் குரலை அறிந்திருந்தனர். கிங்குக்குத் திறந்த கதவு பிளாக்வெல்லுக்குத் திறக்கவில்லை. ஆற்றல் ஒன்றே காரணமாயின் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது.

4. அமைப்பின் தளர்ச்சி

1963 இல் அல்டொன் பதிப்பகம் கொலம்பியா திரைப்பட நிறுவனத்தின் கிளையான 'ஸ்கிறீன் ஜெம்ஸ்' வசம் சென்றது. அடுத்த ஆண்டு 'பீற்றில்ஸ்' குழு அமெரிக்காவுக்கு வந்தது. அக்குழு தன் முதல் நீள் தட்டிற் கொஃபின்–கிங் இணையின் 'செயின்ஸ்' பாடலைப் பாடியிருந்தது. லெனனும் மக்காட்னியும் இவ்விணையைத் தம் முன்மாதிரியாகக் கொண்டிருந்தனர். முன்மாதிரியை வியந்த மாணவர்களே அதன் தொழிலுக்கு முடிவுகட்டினர் என்பது வரலாற்றின் முரண். பீற்றில்ஸும் பொப் டிலனும் தம் பாடல்களைத் தாமே ஆக்கிப் பாடினர். பாடும் ஒருவர் பாடலையும் தாமே ஆக்கினால் ஆக்கியோருக்குரிய பங்கும் அவருக்கே சேரும்; இதுவொரு பொருளாதாரக் காரணம். பாடகர் தம் அனுபவத்தையே பாடவேண்டும் என இளைஞர், சிறப்பாகப் பல்கலைக்கழக மாணவர், எதிர்பார்க்கத் தொடங்கினர். இதுவொரு கருத்தியற் காரணம். இரண்டும் சேர்ந்து, பிறருக்காகப் பாடல் ஆக்குவோரின் சந்தையைச் சுருக்கின.

எனினும் பழைய முறையின் சிறந்த கனிகளுள் ஒன்று இக்காலத்திலேயே விளைந்தது. தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் 'நச்சுரல் வுமன்' என்ற தலைப்பைத் தந்து பாடல் கேட்க, கொஃபினும் கிங்கும் ஆக்கியதனை அறீதா பிறாங்ளின் 1967 இற் பாடினார். தேவாலயப் பாடல் மரபில் வளர்ந்த அறீதாவின் குரல் அதனை ஒரு பெண்ணின் தன்னுணர்வுப் பிரகடனமாக்கியது. அப்பாடல் அறீதாவுக்கே உரியதென்று உலகம் கொண்டது. அது தவறென்றும் கூறவியலாது.

1968 இல் மணமுறிவு நேர்ந்தது. இரு பெண் குழந்தைகளுடன் கிங் லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குப் பெயர்ந்தார். அங்கு 'த சிற்றி' என்னும் மூவர் குழுவை அமைத்து வெளியிட்ட தட்டு விலைபோகவில்லை. மேடையச்சத்தால் அவர் சுற்றுப்பயணமும் செய்யவில்லை. 1970 இல் தனித்து வெளியிட்ட நீள் தட்டுக்கு 'றைற்றர்', அதாவது 'எழுத்தாளர்', என்று பெயர். பாடகியாக நிற்கும் வேளையிலும் அவர் தம்மை ஆக்குநராகவே அறிமுகஞ்செய்தமையை அப்பெயர் புலப்படுத்துகின்றது. ஜேம்ஸ் டெய்லரின் ஊக்கமே அவரை மேடையேற்றியது.

5. 'ராபெஸ்ற்றி'

1971 பெப்ரவரியில் வெளிவந்த 'ராபெஸ்ற்றி' என்னும் நீள் தட்டைத் தயாரித்தவர் லூ அட்லர். டெமோவின் எளிமையே அதன் இலக்கணமாயிற்று: முன்னே பியானோ, சில வாத்தியங்கள், மெருகூட்டப்படாத குரல். முன்னர் விற்பனைக்குரியதன்று என ஒதுக்கப்பட்ட வடிவமே இப்பொழுது நேர்மையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. தட்டு 15 வாரங்கள் முதலிடத்தில் நிலைத்தது. உலகெங்கும் சுமார் 250 இலட்சம் பிரதிகள் விற்றதாக மதிப்பிடப்படுகின்றது. 1972 இல் அது கிங்குக்கு நான்கு 'கிறாமி' விருதுகளை ஈட்டியது. 'சிறந்த பாடல்' என்னும் ஆக்குநருக்கான விருதைப் பெற்ற முதற் பெண்ணும் அவரே.

இத்தட்டை ஒரு பெண்ணின் தன்வரலாறாகவே பலர் கேட்டனர். ஆனால் அதிலுள்ள 12 பாடல்களுள் கிங் தனித்து ஆக்கியவை ஏழே. மணமுறிவின் உருக்கமான வாக்குமூலமெனக் கருதப்பட்ட 'இற்ஸ் ரூ லேற்' பாடலின் சொற்கள் ரொனி ஸ்ரேர்ன் என்ற பெண் எழுதியவை. மூன்று பாடல்கள் கொஃபினுடன் ஆக்கியவை. அவற்றுள் ஷிறெல்ஸின் பாடலும் அறீதாவின் பாடலும் அடங்கும். பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஆக்கிய மெட்டை அவர் இப்பொழுது மிக மெதுவாகப் பாடினார். பதின்வயதுப் பெண்ணின் அச்சமாக இருந்தது, வாழ்ந்து பார்த்த ஒருத்தியின் வினாவாக மாறியது. எனவே 'ராபெஸ்ற்றி' தொழிற்கூட முறையின் மறுப்பன்று. அம்முறையில் வளர்ந்த கைத்திறன் புதிய கேட்போரைக் கண்டடைந்தமையேயாகும். அதேயாண்டில் 'யூவ் கொற் எ ஃபிறெண்ட்' பாடலை டெய்லரும் பாட, அவரது தட்டே முதலிடம் பெற்றது. தமக்கெனப் பாடத் தொடங்கிய வேளையிலும் கிங் பிறருக்கு வெற்றி தருபவராகவே விளங்கினார்.

6. மதிப்பீடு

கிங்கின் வரலாற்றை மறைக்கப்பட்ட ஆக்குநர் உரிமை பெற்ற கதையாக மட்டும் நோக்குவோர் ஓர் உண்மையைத் தவறவிடுவர். அமெரிக்கச் சட்டப்படி, மரபுவழி வானொலி ஒரு தட்டை ஒலிபரப்பும்போது ஆக்கியோருக்கும் பதிப்பகத்துக்குமே பணம் செல்லும். பாடியோருக்கு எதுவும் இல்லை. எண்முறை ஒலிபரப்புக்கு மட்டும் 1995 இல் இதற்கு விலக்கு ஏற்பட்டது. ஆகவே வானொலியில் ஷிறெல்ஸின் பாடல் ஒலிக்கும் ஒவ்வொரு தடவையும் பெயர் பாடியோருக்கும் பொருள் ஆக்கியோருக்கும் சென்றன. பெயரிழந்தோரும் பொருளிழந்தோரும் ஒருவரல்லர். பிளாக்வெல் பெயரையும் பொருளிற் பாதியையும் இழந்தார். ஷிறெல்ஸ் பெயரைப் பெற்றும் ஒலிபரப்பின் பொருளை இழந்தனர். கிங் முதலிற் பொருளையும் பின்னர் பெயரையும் பெற்றார். கூட்டாக ஆக்கப்படும் கலையிலே நீதி எது என்ற வினா இங்கு எழுகின்றது.

நிறுவனங்களும் இக்குழப்பத்தினின்றும் விடுபடவில்லை. 'றொக் அன் றோல்' புகழ்மண்டபம் 1990 இற் கிங்கைக் கொஃபினுடன் சேர்த்து, 'மேடைக் கலைஞர் அல்லாதோர்' என்ற பிரிவிலே ஏற்றுக்கொண்டது. 'ராபெஸ்ற்றி' வெளிவந்து அப்பொழுது 19 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதே மண்டபம் அவரைப் பாடகியாக ஏற்றது 2021 இலாகும். இடையிற் கொஃபின் 2014 இற் காலமானார்.

2015 இல் கெனடி மையம் கிங்கைக் கௌரவித்த விழாவில், அறீதா பிறாங்ளின் பியானோவில் அமர்ந்து 'நச்சுரல் வுமன்' பாடினார். ஆக்கியவர் பார்வையாளர் மாடத்திலிருந்து வியந்து கேட்டார். தம் குரலில் அப்பாடலைப் பதிந்து உலகெங்கும் பரப்பிய பின்னரும், அதன்மீது அறீதாவுக்கிருந்த உரிமையை அவர் மறுத்ததில்லை. பாடலின் உடைமையைச் சட்டம் ஒருவரிடம் ஒப்படைக்கலாம்; விளம்பரம் வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். வரலாற்று மாணவன் செய்யவேண்டுவது, ஒரு பாடலைக் கேட்குமிடத்து அதனுள் எத்தனை பேரின் உழைப்பு உறைந்துள்ளது எனக் கண்டறிந்து, சிறிய எழுத்திலுள்ள பெயர்களையும் எழுத்திலேயே வராத பெயர்களையும் உரிய இடத்தில் வைத்து எண்ணுதலேயாம்.